பேப்பர் ஒன்றா, பேப்பர் இரண்டா: ஒரு டெட் நாட்குறிப்பு

செப்டம்பர் 1, 2025, திங்கள்

பள்ளி விட்டு வந்து செல்போனை எடுத்தால் எல்லா ஆசிரியர் குழுக்களிலும் ஒரே பேச்சு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர்கள், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், தேற வேண்டும். ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் எழுதாமலே பணியில் தொடரலாம். ஆனால் அவர்களுக்கும் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது.

எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்றபடியே அதைப் படித்துக்கொண்டிருந்தார். இடைநிலை ஆசிரியர், அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துகிறவர். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தவர். அன்றைக்கு டெட் என்ற தேர்வே கிடையாது. ஓய்வுக்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருக்கிறது.

"இத்தனை வருஷம் ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவளுக்குத் தகுதி இருக்கான்னு இப்பதான் பாக்கணுமாம்மா?"

அவரிடம் படித்தவள் நான். என்ன சொல்ல? "நானும்தான் எழுதறேன் டீச்சர், சேர்ந்து படிக்கலாம்" என்றேன்.

செப்டம்பர் 6, சனி

பிரவுசிங் சென்டரில் கூட்டம் தாங்கவில்லை. டீச்சருக்கு பேப்பர் ஒன்று, எனக்கு பேப்பர் இரண்டு. போட்டோ, கையெழுத்து எல்லாம் அளவு சரிபார்த்து ஏற்றி, இருவருக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. முதலில் நவம்பர் 1, 2 என்று அறிவித்திருந்த தேர்வைக் கல்லறைத் திருநாளை முன்னிட்டு 15, 16 தேதிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்ததில் டீச்சருக்குக் கொஞ்சம் தெம்பு.

ராத்திரி சித்தி போன் பண்ணினார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கும் டீச்சர் ஆக வேண்டுமாம். "பி.எட். முடிச்சிட்டா எந்த வகுப்புக்கு வேணும்னாலும் போலாம்ல?"

போக முடியாது. இதைப் பலரும் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்பதால் இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை நடத்த வேண்டுமென்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு டி.எல்.எட். என்ற இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பைப் படித்து டெட் பேப்பர் ஒன்றில் தேற வேண்டும். அது இடைநிலை ஆசிரியர் பணி. ஆறு முதல் எட்டு வரைக்கு, பட்டப்படிப்போடு பி.எட். முடித்து பேப்பர் இரண்டு. பட்டதாரி ஆசிரியர் என்று நியமிக்கப்படுகிறவர்கள் பத்தாம் வகுப்பு வரை எடுப்பார்கள். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். அங்கே டெட் கேட்பதில்லை, நேராக ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வுதான்.

நடுவில் 2018-இல் பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது தனிப் பயிற்சி தேவைப்படுகிற வேலை என்ற அந்த வாதம் எனக்குச் சரியென்றே படுகிறது.

"எந்த வயசுப் புள்ளைங்களோட இருக்கணும்னு அவ முதல்ல முடிவு பண்ணட்டும் சித்தி. படிப்பை அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றேன். சித்திக்கு இது திருப்தியான பதிலாக இல்லை. சம்பளத்தைக் கேட்டார். இடைநிலைக்கு அடிப்படைச் சம்பளம் 20,600-இல் தொடங்குகிறது, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும், சொன்னேன்.

செப்டம்பர் 20, சனி

தீர்ப்பை எதிர்த்துச் சீராய்வு மனு, போராட்டம் என்று வெளியே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. டீச்சர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே புத்தகத்தையும் புரட்டுகிறார். இரண்டு பேப்பரிலும் 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30 என்பது இருவருக்கும் பொது. மிச்சம் 60 அவருக்குக் கணிதமும் சூழ்நிலையியலும், எனக்குக் கணிதமும் அறிவியலும். இந்த ஆண்டு அறிவிப்பின்படி பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி, எங்களைப் போன்ற பிற்படுத்தப்பட்டோருக்கு 82.

நான் பி.எஸ்சி. கணிதம். விலங்கியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள், இப்போது ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வருகிறேன். டீச்சருக்குப் பயம் ஆங்கிலத்தில்.

இன்று உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கருத்தைப் படித்தோம். ஒரு குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் அண்மை வளர்ச்சி மண்டலம் என்கிறார். நான் வாசித்து முடித்ததும் டீச்சர் நிமிர்ந்தார். "நல்லா படிக்கிற புள்ள பக்கத்துல தடுமாறுற புள்ளைய உக்கார வைப்பேன் பாரு, அதானே இது?" அதேதான் டீச்சர். அந்தப் பக்கத்தை அதன்பிறகு அவர் மனப்பாடம் செய்யவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஆசிரியர் வேலை மீது ஆசை வந்தது அங்கேதான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 42-இல் 17 போனால் 35 என்று எழுதியிருந்தான். எப்படி என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போவாது, அதனால ஏழுல ரெண்டு கழிச்சேன்கா." அவனுக்குக் கழித்தல் தெரிகிறது. பத்தை உடைக்கலாம் என்பதுதான் தெரியவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி நான்கு கட்டு, உதிரியாக இரண்டு குச்சி கொடுத்தேன். பதினேழு எடு என்றதும் முதலில் ஒரு கட்டை எடுத்து வைத்தான். உதிரியில் கை வைத்தான், இரண்டுதான் இருந்தன. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவனாகவே இன்னொரு கட்டின் நூலை அவிழ்த்தான். ஏழை எண்ணி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்து, "இருவத்தஞ்சு" என்றான்.

ஏழு முதல் பதினொரு வயது வரை பிள்ளைகளுக்குக் கையால் தொடக்கூடிய பொருள் வேண்டும் என்று உளவியலாளர் பியாஜே சொல்வதைத் தேர்வுக்காக நூறு முறை வாசித்திருப்பேன். அந்த நூல் அவிழ்ந்தபோதுதான் அது மனசில் இறங்கியது. டெட் வெறும் தடைக்கல் என்று நண்பர்கள் சொல்லும்போது என்னால் தலையாட்ட முடியாததற்கு இதுதான் காரணம்.

அக்டோபர் 12, ஞாயிறு

தோழி இன்று முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதினாள். 1,996 இடங்கள். முதலில் தமிழ்த் தகுதித் தாள், 30 கேள்விக்கு 50 மதிப்பெண். அதில் 20 எடுக்காவிட்டால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாடத் தாளில் 110 கேள்வி பாடத்திலிருந்து, 30 கல்வி முறையியல், 10 பொது அறிவு.

அவள் அண்ணன் 2013-லேயே டெட் தேறியவர். இன்னும் தனியார் பள்ளியில்தான் இருக்கிறார். டெட் தேறினால் வேலை என்று வெளியே நினைக்கிறார்கள்; தேறினால் தகுதி, அவ்வளவுதான். முன்பு டெட் மதிப்பெண்ணோடு மற்றப் படிப்புகளின் மதிப்பெண்ணையும் சேர்த்து வெயிட்டேஜ் போட்டு நியமித்தார்கள். 2018-இல் அரசாணை 149 வந்த பிறகு நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கும், ஜூலையில் இடைநிலை ஆசிரியர்களுக்கும் அப்படித்தான் நடந்தது. டெட் சான்றிதழ் முதலில் ஏழாண்டுதான் செல்லும் என்றிருந்ததை 2021-இல் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். காத்திருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் நியமனத் தேர்வு எப்போது வரும் என்று ஆண்டுதோறும் ஒரு நிச்சயமான அட்டவணை இருந்து, அதன்படியே நடந்தால் போதும், பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். இதை அரசிடம் உரக்கக் கேட்கத்தான் வேண்டும்.

அக்டோபர் 31, வெள்ளி

தமிழ்வழிச் சான்றுக்காக நான் படித்த தொடக்கப் பள்ளிக்குப் போனேன். டெட்டுக்கு இது தேவையில்லை. அடுத்து வரும் நியமனத் தேர்வில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அதற்காக. பட்டப்படிப்பைத் தமிழில் படித்திருந்தால் மட்டும் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் சான்று வாங்க வேண்டும். தலைமையாசிரியர் பீரோவிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, சேர்க்கை எண்ணைத் தேடிப் பிடித்து, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அறிவிப்பு வந்தபிறகு அலையாமல் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

நவம்பர் 15, சனி

டீச்சருடன் தேர்வு மையம் வரை போனேன். வாசலில் இருபது வயதுப் பெண்கள், கைக்குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுகிறவர்கள், நடுவே தலை நரைத்த ஆசிரியர்கள். ஒரு பெண் டீச்சரைப் பார்த்து, "டீச்சர், நீங்களுமா?" என்று கேட்டாள். அவரிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவளாம். டீச்சர் அவள் தலையில் கை வைத்து, "கருப்பு பால்பாயின்ட் பேனா எடுத்துட்டு வந்தியாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஒரு மணிக்கு வெளியே வந்தவர் ஆங்கிலம் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை என்றார். கணக்கில்தான் நேரம் போயிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

என் தேர்வு முடிந்தது. உளவியல் நன்றாகப் போட்டிருக்கிறேன், கணிதம் எனக்குப் பழக்கப்பட்டது. அறிவியலில் சில இடங்களில் சந்தேகம். வாரியத்தின் ஆன்சர் கீ வரும்வரை யார் போட்டுத் தரும் விடையையும் பார்ப்பதாக இல்லை.

நவம்பர் 19, புதன்

நியமனத் தேர்வுக்கான வேலையைத் தொடங்கிவிட்டேன். பட்டதாரி ஆசிரியர் தேர்வின் பாடத் தாளில் 150 கேள்வியும் நம் பட்டப்படிப்புப் பாடத்திலிருந்து. மெய்ப் பகுப்பாய்வு, இயற்கணிதம் என்று கல்லூரி நோட்டுகள் மறுபடி மேசைக்கு வந்திருக்கின்றன. அறிவிப்பு எப்போது வந்தாலும் சரி.

சித்தி மகள் கூப்பிட்டாள். யோசித்துவிட்டாளாம், சின்னப் பிள்ளைகள்தானாம். டி.எல்.எட். எங்கே படிப்பது என்று கேட்டாள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலேயே படிக்கலாம், பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விண்ணப்ப அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிரு என்றேன். சித்தியிடம் சம்பள விஷயத்தை அவளே பேசிக்கொள்கிறாளாம். பரீட்சை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பார் என்று சொல்லியிருக்கிறேன். டீச்சரும் அன்றைக்கு வருவதாகச் சொன்னார்.