குமரி மாவட்டக் கச்சேரிகளை ஒரே பக்கத்தில் திரட்டும் வேலை

சென்னையின் மார்கழி இசை விழாவுக்குச் சபாவாரியாகவும் கலைஞர்வாரியாகவும் பட்டியல்கள் கிடைக்கின்றன. நாகர்கோவிலில் இருப்பவர் இந்த வாரம் தம் மாவட்டத்தில் எங்கே கச்சேரி என்று அறிய விரும்பினால், கோயில் திருவிழா நோட்டீஸ், பங்குத் திருவிழா அழைப்பிதழ், முகநூல் பக்கங்கள், வாட்ஸ்அப் குழுக்கள், போதாக்குறைக்குப் பேருந்து ஜன்னல் வழியே தெரியும் ஃபிளெக்ஸ் பலகை என்று எல்லாவற்றையும் துழாவ வேண்டியிருக்கிறது. இவற்றுள் இணையத்தில் எழுத்து வடிவில் கிடைப்பவற்றையாவது ஒரு நிரல் தானே படித்துத் திரட்டும்படி ஓர் இணையதளம் அமைத்து வருகிறேன்.

நிரல் எழுதும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பைத்தான் நிரல்மொழியில் ஒரு பக்கத்தைத் தரவிறக்கி, பியூட்டிஃபுல்சூப் என்னும் கருவி கொண்டு அதன் எச்டிஎம்எல் குறியீட்டைப் பிரித்து, தேதி, நேரம், இடம், கலைஞர் ஆகியவற்றை எடுப்பது, கற்றவர் எவருக்கும் ஒரு மாலைப்பொழுதின் வேலை. சில தளங்கள் நிகழ்ச்சி விவரங்களை ஸ்கீமா என்னும் பொது முறைப்படி, நிரல் நேரடியாகப் படிக்கக்கூடிய ஜேசன் வடிவில் பக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கும்; அப்போது பிரிக்கும் வேலைகூட இல்லை. உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே விவரம் தெரியும் தளங்களுக்கு மட்டும், உலாவியைத் தானே இயக்கும் பிளேரைட் என்னும் கருவி தேவைப்படுகிறது. எந்தத் தளத்தைத் தொடுவதற்கு முன்பும் அதன் ரோபோட்ஸ் கோப்பைப் படிக்க வேண்டும். 1994-ல் ஒரு வழக்கமாகத் தொடங்கி 2022-ல் முறையான இணையத் தரநிலையாக எழுதப்பட்ட இந்த ஏற்பாட்டில், தளத்தின் எந்தப் பகுதிக்குள் நிரல்கள் வரக்கூடாது என்பதை அதன் உரிமையாளரே சொல்லிவிடுகிறார். நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போவதில்லை. அப்போதும் பக்கம் கடைசியாக மாறிய நேரத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், மாறாத பக்கத்தை மறுபடி அனுப்பாமல் 304 என்ற பதிலோடு சர்வர் நிறுத்திக்கொள்ளும். சிறிய கோயில் தளங்கள் மலிவான சர்வர்களில் ஓடுபவை என்பதால் இந்தச் சிக்கனம் அவசியம்.

உண்மையான உழைப்பு, எடுத்த வரிகளை ஒப்பிடுவதில் இருக்கிறது. ஒரே கச்சேரி மூன்று இடங்களில் அறிவிக்கப்பட்டால் அதை ஒன்றாக்க வேண்டும். பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தும் நிரல் அவற்றை வெவ்வேறு என்றது. காரணம் ‘ஸ்ரீ’. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இதை ‘ஸ’ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005-ல் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பையும் காலையும் தனித்தனியே சேமித்திருந்தால் என்எஃப்சி என்னும் சீராக்கம் அவற்றை ஒன்றாக்கிவிடும். ‘ஸ்ரீ’யை அது தொடாது. அதற்கென்று தனி விதி எழுத வேண்டும். ஸ்ரீ இல்லாத கோயில் பெயர் நம் ஊரில் எத்தனை என்று யோசித்தால், இந்த ஒரு விதி எவ்வளவு வேலை செய்கிறது என்பது விளங்கும். இதோடு, மேற்கே மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் வரும் கலைஞர்களின் பெயர்கள் மலையாள எழுத்திலும் கிடைப்பதால், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியலைக் கையால் வைத்திருக்கிறேன்.

தேதி இன்னும் சுவையான சிக்கல். நம் நோட்டீஸ்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு போடுவது வழக்கம். தமிழ் ஆண்டு சித்திரையில் மாறும். கொல்லம் ஆண்டு ஆவணியில்தான் மாறும். 2025 ஆகஸ்டு நடுவில் பிறந்தது 1201. மாதப் பிறப்பிலும் சில சமயம் ஒரு நாள் விலகும். சூரியன் ராசி மாறுவது பிற்பகல் ஏறத்தாழ 1.12 மணிக்குப் பிறகும் சூரிய அஸ்தமனத்துக்கு முன்பும் நிகழ்ந்தால், தமிழ்க் கணக்கில் அன்றே மாதம் பிறந்துவிடும். மலையாளக் கணக்கில் மறுநாள்தான் முதல் தேதி. நோட்டீஸில் ஆங்கிலத் தேதியும் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு, கிழமையோடு பொருந்துகிறதா என்று மட்டும் நிரல் சோதிக்கிறது. பொருந்தாவிட்டால் அந்த வரி என் பார்வைக்கு வராமல் வெளியாவதில்லை.

அடுத்தது அம்மன் கோயில் கொடை விழா. ‘செவ்வாய்க்கிழமை இரவு 1 மணிக்கு வில்லிசை’ என்று அச்சிட்டிருந்தால், கடிகாரப்படி அது புதன்கிழமை. ஊர்க் கணக்கில் பொழுது விடியும் வரை செவ்வாய்தான். நாட்காட்டிச் செயலிகளுக்கு அனுப்பும்போது புதன் என்றே போட வேண்டும், இல்லையென்றால் கேட்க வருபவர் ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்பார். பக்கத்தில் காட்டும்போதோ செவ்வாய் நிகழ்ச்சிகளின் கீழேதான் அது வர வேண்டும். இதற்கு எதிர்பாராத ஓர் எளிய வழி கிடைத்தது. சர்வரின் உலகப் பொது நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அதில் நாள் மாறுவது நம் அதிகாலை 5.30 மணிக்கு. வழக்கமாக நிரலாளர்களைப் படுத்தும் இந்த வித்தியாசம், ஊர்க் கமிட்டியின் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே பக்கத்தில் நிகழ்ச்சிகளை நாள்வாரியாகப் பிரிக்க உலகப் பொது நேரத்தின் தேதியையும், நாட்காட்டிக்கு இந்திய நேரத்தையும் பயன்படுத்துகிறேன்.

எதைச் சேர்ப்பது என்பதிலும் என் தீர்ப்பு உண்டு. கர்நாடக இசை மட்டும்தான் கச்சேரி என்று வைத்தால் இம்மாவட்டத்தின் பெரும்பகுதி விடுபட்டுப்போகும்; எனவே வில்லிசை, நையாண்டி மேளம், செண்டை மேளம், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா போன்ற நாட்களில் நடக்கும் இன்னிசை நிகழ்ச்சிகள் எல்லாம் இடம்பெறுகின்றன. மாவட்ட எல்லையையும் ஓரிடத்தில் தாண்டியிருக்கிறேன். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் செல்கிறார்கள்; அங்கே நவராத்திரி மண்டபத்தில் அந்தச் சரஸ்வதியின் சந்நிதியில் நடக்கும் கச்சேரிகளை எல்லை ஊரான களியக்காவிளையோடு வெட்டிவிட எனக்கு மனமில்லை.

படமாக மட்டும் வரும் நோட்டீஸ்களுக்கு டெசராக்ட் என்னும் எழுத்துணரியைப் பயன்படுத்திப் பார்த்தேன். உள்ளே நேர்வரிசையில் அச்சான நிகழ்ச்சி நிரலை ஓரளவு படிக்கிறது. வளைத்தும் நிழலிட்டும் எழுதிய தலைப்புகளை அறவே படிப்பதில்லை. முகநூல் தானியங்கித் திரட்டலை அனுமதிப்பதில்லை. ஆகவே இவ்விரண்டுக்கும் ஒரு படிவம் வைத்துவிட்டேன், நிரப்புபவர்கள் நிரப்புகிறார்கள்.

நோட்டீஸில் இருக்கும் கமிட்டியாரின் கைபேசி எண்களை நிரல் சேமிப்பதற்கு முன்பே நீக்கிவிடுகிறது. பிறர் எழுதிய வருணனைகளையும் புகைப்படங்களையும் எடுப்பதில்லை; தேதியும் இடமும் பெயரும் மட்டும் எடுத்து, மூலப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வரியின் அடியிலும் அந்த மூலப் பக்கத்தை நிரல் கடைசியாகப் பார்த்த தேதி இருக்கும். அது ஒரு வாரத்துக்கு முந்தையதாக இருந்தால் கிளம்பும் முன் இணைப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.