கூழ் குடித்த மறுநாள்

ஆய்வுகூடத்தில் புதிய அளவீட்டு முறையொன்றைச் சரிபார்க்கும்போது, மாதிரி தேடி அலையாமல் என்னுடைய சிறுநீரையே கொடுத்துவிடுவது என் வழக்கம். அப்படிக் கொடுத்த ஒரு திங்கட்கிழமை, அதிலிருந்த ஆர்சனிக்கின் அளவு முந்திய வாரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தது. ஞாயிறன்று பெரியம்மா வீட்டில் நண்டும் இறாலும் கணவாயும் போட்டுக் காய்ச்சிய ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாக் கூழை மூன்று பிளா (பனையோலைக் கிண்ணம்) குடித்தது அப்போது நினைவுக்கு வரவில்லை, கருவியைத்தான் சந்தேகித்தேன்.

அந்தச் சந்தேகத்துக்கும் நியாயம் உண்டு. ஐ.சி.பி.-எம்.எஸ். எனப்படும் திணிவு நிறமாலைமானியில், நீர்க்கச்செய்த மாதிரி நுண்துளிகளாகி, 6000 கெல்வினுக்கும் மேல் கொதிக்கும் ஆர்கன் பிளாஸ்மாவினுள், அதாவது மின்னேற்றமடைந்த ஆர்கன் வாயுவினுள், அணு அணுவாகச் சிதைந்து அயன்களாகிறது (மின்னேற்றமுள்ள அணுக்கள்). அந்த அயன்களே திணிவுவாரியாகப் பிரித்து எண்ணப்படுகின்றன. இயற்கையில் ஆர்சனிக்குக்குத் திணிவெண் 75 உடைய ஒரேயொரு சமதானிதான் (ஒரே மூலகத்தின், திணிவில் வேறுபடும் அணுவகை). சிறுநீரின் உப்பிலுள்ள குளோரீன் 35, பிளாஸ்மாவின் ஆர்கன் 40 உடன் ஒட்டிக்கொண்டாலும் கூட்டுத்தொகை அதே 75. வேறு சமதானியை எண்ணித் தப்பவும் வழியில்லை. ஆகவே அயன்களின் பாதையில் ஹீலியம் நிரப்பிய மோதற்கலம் ஒன்று உண்டு: பருமனான ஆர்கன்–குளோரீன் அயன் ஹீலியத்துடன் அடிக்கடி மோதிச் சக்தியிழந்து நின்றுவிட, தனித்த ஆர்சனிக் தாண்டிச் செல்லும். வெறும் உப்புக் கரைசலை ஓட்டிப் பார்த்தேன். 75 இல் குறிப்பிடத்தக்க எதுவும் எழவில்லை, ஆகவே பிழை கருவியில் இல்லை.

அதன் பின்பே கூழ் நினைவுக்கு வந்தது. கடலுணவின் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற சேதன (காபனோடு இணைந்த) சேர்வை. உடல் அதை மாற்றாமலே ஓரிரு நாட்களில் பெரும்பகுதி வெளியேற்றிவிடும், தீங்கில்லை. நஞ்சாவது காபனோடு இணையாத அசேதன ஆர்சனிக். ஆனால் பிளாஸ்மா எல்லாவற்றையும் சிதைத்துவிடுவதால், மொத்த அளவை மட்டும் பார்க்கும் கருவிக்கு நண்டும் நஞ்சும் ஒன்றே. வேறுபடுத்த வேண்டுமானால், கருவிக்கு முன்னே திரவ நிறப்பகுப்பு நிரலொன்றை இணைத்துச் சேர்வைகளைத் தனித்தனியே வரவிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: உடல் அசேதன ஆர்சனிக்கை மாற்றி வெளியேற்றும் இருமெதைல் வடிவம், சிப்பியும் கடற்பாசியும் உண்டவரிடமும் தோன்றும்.

எனவே மாதிரிக்கு முன் மூன்று நான்கு நாட்கள் கடலுணவைத் தவிர்க்கச் சொல்வதே எளிது. யாழ்ப்பாணத்தில் அதைச் சொல்வது எளிது, கேட்கவைப்பது கடினம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத வீடுகளில் மட்டும் அந்த இடைவெளி கேட்காமலே கிடைக்கும். என்னைக் கேட்டால், கடைசியாக மீன் உண்ட நாளை எழுத மாதிரிப் படிவத்தில் ஓர் இடம் விடுவது, இன்னொரு தடவை கருவியை அளவுதிருத்துவதைவிடப் பயனுள்ளது. ஐந்தாம் நாள் மறுபடி கொடுத்த என் மாதிரி, பழைய அளவுக்கே திரும்பியிருந்தது.