எங்க வீட்டுல இப்போ 60:40

காபித்தூள் விலையைக் கேட்டாலே தூக்கம் போயிடுது, குடிக்கவே வேண்டாம். பிரேசில்லயும் வியட்நாம்லயும் 2024ல வறட்சி. 2025 பிப்ரவரியில அரபிகா வகைக் காபி உலகச் சந்தையில வரலாறு காணாத விலைக்குப் போச்சு. அந்தச் சூடு எங்க தெரு அரவைக் கடை வரைக்கும் வந்தாச்சு. காபி 80, சிக்கரி 20னு கலந்த தூள் வாங்கிட்டு இருந்தவ, 60:40க்கு இறங்கிட்டேன்.

சிக்கரியைத் திட்ட மாட்டேன். குஜராத், உ.பி. பக்கம் விளையுற ஒரு வேர், அதை வறுத்து அரைச்ச பொடி. தண்ணியில காபியைவிட நிறையவே கரையும். அதான் டிகாஷன் கன்னங்கரேல்னு இறங்குது, ரெண்டாவது டிகாஷன்லகூட நிறம் நிக்குது. ஆனா கஃபீன் துளியும் கிடையாது. "இன்னிக்குக் காபி செம ஸ்ட்ராங்"னு வீட்டுக்காரர் பாராட்டுறார். பாராட்டட்டும், நான் எதுவும் சொல்லிக்கல.

சட்டப்படி 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி கலக்கலாம், ஆனா விகிதத்தைப் பாக்கெட்டுல போட்டாகணும். 53:47னு போட்டு விக்கிறதும் உண்டு, படிச்சுப் பார்த்து வாங்குங்க. புளியங்கொட்டைத் தோலை அரைச்சுக் கலக்குறது வேற ரகம், அது சுத்தத் திருட்டு.

சுத்தக் காபின்னு சொல்லிக் குடுத்தா, கண்ணாடி டம்ளர்ல பச்சைத் தண்ணி ஊத்தி மேல ஒரு சிட்டிகை தூவுங்க. காபித்தூள் மிதக்கும். சிக்கரி பழுப்பா கோடு இழுத்துக்கிட்டே அடிக்குப் போகும்.

சாயங்காலத்துக்கு இனிமே கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காபிதான். மாமியார் மட்டும் ஒத்துக்கல, "அது கஷாயம்டி"ங்கிறாங்க. அவங்களுக்கு மட்டும் தனியா பில்டர் போடுறேன்.

உங்க வீட்டுல என்ன விகிதம்?