பெர்ரிக் கிண்ணமும் ரத்தச் சர்க்கரையும்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 5

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை 108, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 172. இடுப்புச் சுற்றளவும் வரம்பைத் தாண்டிவிட்டது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கோளாறுகள் ஒன்றுசேர்ந்த நிலைக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். அப்படிச் சொல்ல ஐந்தில் மூன்று இருந்தால் போதும்: பெருத்த இடுப்பு, 150-ஐத் தொட்ட ட்ரைகிளிசரைடு, குறைவான எச்டிஎல் (நல்ல கொழுப்பு), 130/85-ஐத் தொட்ட ரத்த அழுத்தம், 100-ஐத் தொட்ட வெறும் வயிற்றுச் சர்க்கரை. எனக்கு மூன்று இருக்கிறது. மாத்திரை இப்போதைக்கு இல்லை. மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பழம் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா சாப்பிடுங்க, ஜூஸ் மட்டும் வேண்டாம். பெர்ரி கிடைச்சா இன்னும் நல்லது" என்றார்.

ஏன் பெர்ரி? அதைத்தான் படிக்க உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போல எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 9

முதலில் எண்கள். 100 கிராம் ராஸ்பெர்ரியில் சர்க்கரை ஐந்து கிராமுக்கும் குறைவு, நார்ச்சத்தோ ஆறரை கிராம். ஒரு பழத்தில் சர்க்கரையைவிட நார்ச்சத்து அதிகம் இருப்பது அபூர்வம். ஸ்ட்ராபெர்ரியில் சர்க்கரை ஐந்து கிராம், நார்ச்சத்து இரண்டு. ப்ளூபெர்ரியில் சர்க்கரை பத்து கிராம் வரை போகிறது. அதுவே திராட்சையில் பதினைந்துக்கு மேல்.

இன்று ஒரு ப்ளூபெர்ரியைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பார்த்தேன். வெளியே கருநீலம், உள்ளே வெளிறிய பச்சை, நடுவில் பொடிப்பொடி விதைகள். நிறம் முழுக்கத் தோலில்தான். ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பத் திரும்பப் பேசும் ஆந்தோசயனின் என்ற நிறமி இந்த மெல்லிய தோலில் இருக்கிறது. சாற்றைப் பிழிந்து சக்கையைத் தள்ளினால் அதில் பெரும்பங்கும் நார்ச்சத்தும் சக்கையோடு போய்விடும். ஜூஸ் வேண்டாம் என்றதன் காரணம் எனக்குக் கத்தி முனையிலேயே தெரிந்துவிட்டது.

ஜனவரி 14

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று படித்ததில் மனதில் நின்றவை இரண்டு.

ஒன்று, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடைக்கும் நொதிகளின் வேகத்தை பெர்ரியின் பாலிஃபீனால்கள் (ஆந்தோசயனினும் சேர்ந்த தாவரப் பொருள்களின் குடும்பம்) மட்டுப்படுத்துகின்றன. ஆய்வுக்கூடத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. மனிதர்களிடம் பார்த்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். 2010-இல் வெளிவந்த ஆய்வு அது: 35 கிராம் சர்க்கரையைத் தனியாகவும், அதே சர்க்கரையை 150 கிராம் பெர்ரி மசியலோடும் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பெர்ரியோடு சாப்பிட்டபோது முதல் அரை மணி நேரத்தில் சர்க்கரை ஏறிய உயரம் குறைந்தது. பிறகு சரசரவென்று இறங்கவும் இல்லை. அப்புறம் 2013-இல் ரொட்டியோடு கொடுத்துப் பார்த்தார்கள். அதில் சாப்பாட்டுக்குப் பின் சுரந்த இன்சுலின் குறைந்திருந்தது.

இரண்டாவது, ஆந்தோசயனினில் கொஞ்சம்தான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. மீதி பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிறு சிறு அமிலங்களாக உடைக்கின்றன. ரத்தத்தில் அதிக நேரம் சுற்றுவது இவைதான். ஒரே கிண்ணம் பழம் ஆளுக்கு ஆள் வேறு பலன் தருவதற்கு அவரவர் குடலில் குடியிருக்கும் கிருமிகளும் ஒரு காரணம் என்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஜனவரி 15

காலை ரொட்டியோடு பெர்ரி. மாலையில் தனியாகச் சாப்பிட்டு வந்ததை இங்கே நகர்த்திவிட்டேன்.

ஜனவரி 22

இன்று படித்த இரண்டு ஆய்வுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் படித்தால் தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம்.

முதலாவது அமெரிக்காவின் லூசியானாவில், பென்னிங்டன் ஆய்வு மையத்தில் நடந்தது, 2010-இல் வெளிவந்தது. உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காத நிலை) உள்ள, ஆனால் இன்னும் நீரிழிவு வராத 32 பேர். பாதிப் பேருக்கு உறைநிலையில் உலர்த்திய ப்ளூபெர்ரிப் பொடி கலந்த ஸ்மூத்தி தினம் இரண்டு வேளை, மற்றவர்களுக்குப் பொடி இல்லாத அதே ஸ்மூத்தி. ஆறு வாரம். அளந்த விதம்தான் இதன் பலம். ரத்த நாளம் வழியாக இன்சுலினைச் சீராகச் செலுத்திக்கொண்டே, சர்க்கரை இறங்காமலிருக்க எவ்வளவு குளுகோஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எவ்வளவு அதிகம் ஏற்ற வேண்டுமோ அந்த அளவுக்கு உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்கிறது என்று அர்த்தம். ப்ளூபெர்ரி குடித்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெளிவாக இருந்தது.

இரண்டாவது இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தாருடையது, 2019. மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ள, 50 முதல் 75 வயதுக்குட்பட்ட 115 பேர், ஆறு மாதம். ஒரு பிரிவுக்குத் தினம் 150 கிராம் ப்ளூபெர்ரிக்குச் சமமான பொடி, இன்னொன்றுக்கு அதில் பாதி, மூன்றாவதற்கு நிறமும் சுவையும் ஒத்த போலிப் பொடி. இன்சுலின் எதிர்ப்பில் மாற்றமே இல்லை. ஆனால் 150 கிராம் பிரிவினரின் ரத்தக் குழாய்கள் முன்பைவிட நன்றாக விரிந்து கொடுத்தன, விறைப்பும் குறைந்தது. பாதி அளவு சாப்பிட்டவர்களுக்கு ரத்தக் குழாயில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆக, சர்க்கரையில் எதிர்பார்த்த பலன் ஒரு ஆய்வில் உண்டு, அதைவிடப் பெரிய, நீண்ட ஆய்வில் இல்லை. ரத்தக் குழாய்க்கான ஆதாரம் எனக்கு இன்னும் உறுதியாகத் தெரிகிறது. சர்க்கரைப் பிரச்சினை உள்ளவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் இதயமும் ரத்தக் குழாயும்தான் என்பதால் இது சாதாரண லாபமில்லை. அந்த 2019 ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் அமெரிக்க ப்ளூபெர்ரி விவசாயிகளின் கவுன்சிலும் உண்டு. அதை ஆய்வாளர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். விற்பவர் பணத்தில் நடந்தும் 'இன்சுலினில் பலனில்லை' என்று அச்சிட்டதால் அந்த ஆய்வின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பிப்ரவரி 2

அக்கா போனில் கேட்டாள்: "நீ பெர்ரி பெர்ரின்னு எழுதுறியே, நான் கிரான்பெர்ரி ஜூஸ் குடிக்கலாமா?" அவளுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாள். "டாக்டர்கிட்ட கேக்காம ஒரு டம்ளர்கூட வேண்டாம்க்கா" என்றேன். கிரான்பெர்ரி ஜூஸ் குடித்தபின் வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக்கசிவு வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. சாதாரண அளவில் பெரிய மாற்றம் இல்லை என்று பின்னால் சிறு ஆய்வுகள் சொன்னாலும், அவள் விஷயத்தில் துணிந்து பார்க்க நான் தயாரில்லை. வார்ஃபரின் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் பெர்ரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பிப்ரவரி 11

2013-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு. அமெரிக்காவில் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சம் மருத்துவப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். வாரம் மூன்று முறை ப்ளூபெர்ரி என்ற கணக்கில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் 26 சதவீதம் குறைவு. பழச்சாற்றுக்கோ அதே கணக்கில் 8 சதவீதம் அதிகம். பெர்ரி சாப்பிடுபவர்கள் மற்ற விதத்திலும் உடம்பைப் பேணுபவர்களாக இருக்கலாம். அதைக் கணக்கில் கழித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றாலும் முழுக்கக் கழித்துவிட முடியாது. முழுப் பழமும் ஜூஸும் எதிரெதிர்த் திசையில் போவதுதான் என் கவனத்தில் நின்றது.

பிப்ரவரி 20

புதுப் பழம் கிடைக்காத நாளில் ஃப்ரீசரில் உறைந்தது போதும். நிறமி பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. உருகும்போது கிண்ணத்தின் அடியில் தேங்கும் கருஞ்சிவப்புச் சாற்றைக் கொட்டாமல் குடித்துவிடுகிறேன். ஜாமில் கொதிக்க வைப்பதால் நிறமி அழிவதோடு சர்க்கரையும் சேர்கிறது. உலர்ந்த கிரான்பெர்ரி வாங்கினால் பின்பக்கத்து எழுத்தைப் படியுங்கள்; புளிப்பு தாங்காது என்று பெரும்பாலும் சர்க்கரையில் ஊறவைத்துத்தான் விற்கிறார்கள்.

தராசில் 150 கிராம் வைத்துப் பார்த்தேன். ஒரு கிண்ணம் தளும்ப வருகிறது. மேலே நாலு பழம் தூவிச் சாப்பிடுவது அழகுக்குத்தான் உதவும் போலிருக்கிறது. இந்தக் கிண்ணம் வந்த பிறகு பிஸ்கட் நின்றுவிட்டது. மறுபரிசோதனையில் ட்ரைகிளிசரைடு இறங்கியிருந்தால் அதில் பெர்ரியின் பங்கு எவ்வளவு, நிறுத்திய பிஸ்கட்டின் பங்கு எவ்வளவு, மாலை நடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏப்ரல் முதல் வாரம் ரத்தம் கொடுக்கிறேன். கூடவே, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.