70 கிராம் பேட்டரியில் 2650 எம்ஏஎச் அடங்குமா?

கேனான் எல்பி-இ6என்எச் ஒரிஜினல் கேமரா பேட்டரியில் எழுதியிருப்பது 2130 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண்). அதே கூடு, அதே அளவில் விலை மலிவாகக் கிடைக்கும் மாற்று பேட்டரி ஒன்றில் 2650 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சோனி என்பி-எஃப்இசட்100 ஒரிஜினல் 2280. அதற்கும் 2600, 2700 என்று போட்டி போட்டு எழுதுகிறார்கள். கேமரா நிறுவனங்கள் இருக்கும் இடத்தை வீணாக்கிவிட்டு 500 எம்ஏஎச்சை விட்டுக்கொடுக்கும் ஆட்கள் இல்லை. நேர்மையான மாற்று பேட்டரி, ஒரிஜினலுக்குப் பக்கத்திலோ கொஞ்சம் குறைவாகவோதான் எழுதும். அதை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் எண்ணில் பொய் சொல்பவர், கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புச் சர்க்யூட்டில் மட்டும் யோக்கியமாக இருப்பார் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது?

முதலில் எம்ஏஎச்சை விட்டுவிட்டு, பேட்டரியில் உள்ள மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட்-அவரைப் பாருங்கள். வோல்ட்டையும் எம்ஏஎச்சையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர். 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச் என்றால் 16.4. பெரும்பாலான மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் பேட்டரிகளுக்குள் இரண்டு லித்தியம் அயான் செல்கள் தொடராக இருக்கும். தொடரில் வோல்ட்தான் கூடும், எம்ஏஎச் கூடாது. சிலர் இரண்டு செல்லின் எம்ஏஎச்சையும் கூட்டிப் போட்டுவிடுவார்கள், லேபிளில் 7.4 வோல்ட், 2600 எம்ஏஎச், 10 வாட்-அவர் என்று மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் அந்தக் கதைதான். (7.2, 7.4 வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு செல்லை 3.6 என்று எழுதுவதா, 3.7 என்று எழுதுவதா என்பதுதான் விஷயம். உள்ளே வேதியியல் ஒன்றே.)

அடுத்தது தராசு. சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசே போதும். எஃப்இசட்100 எடை 83 கிராம், அதில் 16.4 வாட்-அவர். எல்பி-இ6என்எச் சுமார் 80 கிராமுக்கு 15.3. ஆகக் கூடு, சர்க்யூட் எல்லாம் சேர்த்து, கிராமுக்கு 0.2 வாட்-அவர் என்பது இந்த அளவு பேட்டரியில் நல்ல கணக்கு. புது வகைச் செல் என்று சொன்னால் 0.22 வரை சலுகை கொடுக்கலாம். இப்போது 70 கிராம் எடையுள்ள அந்த 2650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லேபிள்படி 19 வாட்-அவர். எடைப்படி 14, அதாவது 1950 எம்ஏஎச்சுக்குப் பக்கம். பெட்டியைப் பிரிக்கும் முன்பே பதில் கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எடை குறைந்தால் பொய் உறுதி, எடை சரியாக இருந்தால் எதுவும் உறுதியில்லை. கூட்டுக்குள் எதை வைத்தும் எடையைக் கூட்டலாம். சின்னக் காம்பாக்ட் கேமரா பேட்டரிகளில் கூட்டின் பங்கு அதிகம் என்பதால் கிராமுக்குக் கிடைப்பது இதைவிடக் குறையும்.

வீடியோ விளக்குகளுக்கும் மானிட்டர்களுக்கும் போடும் என்பி-எஃப் வகையில் கணக்கு இன்னும் எளிது. அவற்றுக்குள் இருப்பது 18650 எனப்படும் உருளை வடிவச் செல்கள். பரவலாகக் கிடைக்கும் 18650 செல்லின் உச்சம் 3500, 3600 எம்ஏஎச்தான். எஃப்550 அளவில் இரண்டு செல், தொடரில். எனவே 3600-க்கு மேல் எழுதியிருந்தால் பெரும்பாலும் பொய். எஃப்970 அளவில் ஆறு செல், இரண்டு தொடர், மூன்று இணை. 3600 செல்லையே போட்டாலும் 10800 தாண்டாது.

வாங்கிய பிறகு அளக்க எளிய கருவி யூஎஸ்பி மீட்டர்; யூஎஸ்பி ஒயருக்கு நடுவே மாட்டினால் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும். பெட்டியிலிருந்து எடுத்த பேட்டரி அரைகுறைச் சார்ஜில் வந்திருக்கும்; அதை அப்படியே அளந்தால் தப்பு. ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்து, கேமரா தானே அணையும்வரை ஓட்டி, பிறகு யூஎஸ்பி சார்ஜரில் போடுங்கள். இரட்டைச் சார்ஜர் என்றால் ஒன்று மட்டும். பச்சை விளக்கு வந்து மின்னோட்டம் பூஜ்ஜியத்துக்கு அருகே இறங்கியதும் மீட்டரில் வாட்-அவரைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே காட்டும் எம்ஏஎச் 5 வோல்ட் கணக்கு. அதைப் பேட்டரி லேபிளோடு ஒப்பிட்டு "அட, 2600-க்கு மேலேயே வருகிறதே" என்று ஏமாறுபவர்கள் ஏராளம். சார்ஜரின் இழப்பு 10 முதல் 20 சதவீதம் இருக்கும் என்பதால் உண்மையான 16.4 வாட்-அவர் பேட்டரி 19-க்குப் பக்கத்தில் இழுக்க வேண்டும். 12 வாட்-அவரிலேயே நிரம்பிவிட்டால் அதற்குள் 12-க்கு மேல் இருக்க வழியே இல்லை. உள்ளே போகாதது வெளியே வராது.

துல்லியம் வேண்டும் என்றால் டிஸ்சார்ஜ் சோதனை. எலக்ட்ரானிக் லோடு (பேட்டரியிலிருந்து சொன்ன அளவு மின்னோட்டத்தை இழுக்கும் கருவி), அல்லது ஆர்சி பொம்மைகளுக்கான ஹாபி சார்ஜரில் உள்ள டிஸ்சார்ஜ் வசதி போதும். பேட்டரியை அதன் சொந்தச் சார்ஜரில் நிரப்பி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 6.0 வோல்ட் வரை இறக்குங்கள். 2000 எம்ஏஎச் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர், ஐந்து மணி நேரம் ஆகும். லித்தியம் பேட்டரிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61960 கொள்ளளவை அளப்பதும் இதே வேகத்தில்தான். ஹாபி சார்ஜரை இறக்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், ஏற்றுவதற்கு வேண்டாம். தனித்தனிச் செல்லைச் சமன்செய்யும் கம்பி இந்தப் பேட்டரிகளில் வெளியே வருவதில்லை. இணைப்புக்கு முதலைக் கிளிப் வேண்டாம், ஒன்றோடொன்று தொட்டால் ஷார்ட். பழைய சார்ஜர் ஒன்றின் தட்டைக் கழற்றி, அதன் பிளஸ், மைனஸ் தகடுகளில் ஒயர் சால்டர் செய்து கொள்வதே நல்லது.

இந்தச் சோதனையில் எம்ஏஎச்சைவிட முக்கியமான ஒன்றும் வெளிவரும். 6.5 வோல்ட் இருக்கும்போதே திடீரென்று பூஜ்ஜியம் காட்டினால், ஒரு செல் முந்திக்கொண்டு காலியாகிவிட்டது, சர்க்யூட் அதைத் துண்டித்துவிட்டது என்று பொருள். ஜோடி பொருந்தாத செல்கள், அல்லது ஒன்று ஏற்கெனவே தேய்ந்தது. இதன் மறுபக்கம் சார்ஜ் ஏறும்போது நடக்கும். சார்ஜருக்குத் தெரிவது மொத்தம் 8.4 வோல்ட் மட்டுமே. உள்ளே ஒன்று 4.1, இன்னொன்று 4.3 என்று இருந்தாலும் கூட்டினால் அதே 8.4. அதிகம் ஏறிய செல்லில் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகும், கூடு வீங்கும். ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்த்து 4.25, 4.3 வோல்ட்டில் வெட்டும் சர்க்யூட் இருந்தால் தப்பிக்கலாம். காசு மிச்சம் பிடிக்கும் தயாரிப்பாளர் கை வைக்கும் முதல் இடம் அதுதான்.

அவர் கை வைக்கும் இரண்டாவது இடத்தை நீங்களே பிடித்துவிடலாம். பல பேட்டரிகளில் பிளஸ், மைனஸ் தவிர 'டி' என்று ஒரு தகடு இருக்கும். வெப்பநிலையைச் சொல்லும் தெர்மிஸ்டருக்கான முனை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து 'டி'க்கும் மைனஸுக்கும் இடையே அளந்தால் அறை வெப்பத்தில் பெரும்பாலும் 10 கிலோ ஓம் பக்கம் வரும். முனைகளை டேப்பால் மூடி, பேட்டரியைச் சட்டைப்பையில் உடம்போடு ஒட்டி 20 நிமிடம் வைத்து மறுபடி அளக்கவும். எண் நன்றாக இறங்க வேண்டும். அசையாமல் அதே 10 கிலோ ஓமில் நின்றால், தெர்மிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ரெசிஸ்டர். பேட்டரி கொதித்தாலும் சார்ஜர் "எல்லாம் குளிர்ச்சி" என்று நினைத்து ஏற்றிக்கொண்டே இருக்கும். இப்படி ஒன்று கிடைத்தால் கொள்ளளவு எவ்வளவு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். ('டி' முனை இல்லாமல் கேமராவோடும் சார்ஜரோடும் சிப் வழியாக மட்டும் பேசும் வகைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

சார்ஜரையும் சந்தேகிக்க வேண்டும். நிரம்பியதும் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 8.3 முதல் 8.4 வோல்ட். 8.45 தாண்டினால் அந்தச் சார்ஜரை ஓரங்கட்டுங்கள். இரண்டு வாரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நல்ல பேட்டரியில் சொற்பமே குறையும். 0.2 வோல்ட் போயிருந்தால் உள்ளே கசிவு.

முத்திரைகளை அளவோடு நம்பலாம். ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ என்பது இந்த வகைப் பொருளில் தயாரிப்பாளர் தானே அறிவித்துக்கொள்வது. அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் யூஎல் என்றால் அதன் கோப்பு எண்ணைத் தேடிப் பார்க்க முடியும். கேட்டுப் பெற வேண்டியது யூஎன் 38.3 சோதனைச் சுருக்கம் (லித்தியம் பேட்டரிகளைப் பாதுகாப்பாக அனுப்புவதற்கான ஐ.நா. சோதனை). 2020 ஜனவரி 1 முதல் தயாரிப்பாளரும் விநியோகிப்பவரும் அதைத் தர வேண்டும் என்பது விதி. கேட்டதும் அனுப்பும் விற்பனையாளரும், என்ன கேட்கிறீர்கள் என்றே புரியாதவரும் ஒன்றல்ல. ஒரிஜினலிலும் கோளாறு வரும்: 2012-இல் நிக்கான் இஎன்-இஎல்15 பேட்டரிகளில் சில தொகுதிகளைத் திரும்பப் பெற்றது. லாட் எண்ணை வைத்து எந்தப் பேட்டரி என்று தேடிப் பிடித்து மாற்றித் தர ஒரு ஏற்பாடு அங்கே இருந்தது. பெயர்கூட இல்லாத பேட்டரிக்கு யாரிடம் போவது?

கேமராவில் சதவீதம் தாவித்தாவி இறங்குவது, 40-இல் இருந்து சட்டென்று அணைவது இரண்டும் பெரும்பாலும் போலிச் சிப்பின் வேலை. சிப் மட்டுமே காரணம் என்றால் அது ஆபத்தில்லை, எரிச்சல்தான்; டிஸ்சார்ஜ் சோதனையிலும் அப்படியே நின்றால் முன்பு சொன்ன செல் கோளாறு. கொள்ளளவு சரியாக இருந்தும் கேமரா திணறலாம். கேனான் ஆர்5 மார்க் 2, கூடுதல் மின்னோட்டம் தரும் எல்பி-இ6பி பேட்டரியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. பழைய இ6என்எச் ஒரிஜினலைப் போட்டாலே அதில் சில வசதிகள் மட்டுப்படும்.

மாதம் ஒரு முறை பேட்டரியைக் கண்ணாடி மேசையில் வைத்து ஓர் ஓரத்தை விரலால் தொடுங்கள். ஆடினால் வீக்கம் தொடங்கிவிட்டது. கேமராவிலிருந்து தானே துள்ளி வராமல் நகத்தால் இழுக்க வேண்டியிருந்தாலும் அதே சந்தேகம். இன்னும் சார்ஜ் ஏற்றினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். வீங்கியதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, எரியக்கூடிய பொருட்கள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு சேகரிப்பில் "வீங்கியது" என்று சொல்லிக் கொடுங்கள்.