பட்டையை இழுக்காதீர்கள், நேரத்தை டைப் செய்யுங்கள்

இரண்டு மணி நேர வீடியோவில் ஒரே ஒரு இடம் வேண்டும் என்றால் கீழே இருக்கும் பட்டையைப் பிடித்து இழுப்பதுதான் பலருக்கும் பழக்கம், ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7200 நொடி, 1920 பிக்சல் அகலத் திரை, ஒரு பிக்சல் நகர்ந்தாலே கிட்டத்தட்ட 4 நொடி தாண்டிவிடும். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் குறி தப்பத்தான் செய்யும். போனில் கேட்கவே வேண்டாம்.

கணினியில் வீடியோ ஓட்டும் விஎல்சி பிளேயரில் கண்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் நேரம் கேட்டு ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் 1:12:40 என்று கொடுங்கள், வேலை முடிந்தது. கணினியில் யூடியூப் பார்க்கும்போது 5-ஐத் தட்டினால் பாதி வீடியோவுக்குப் போகும், ஜே பின்னால் 10 நொடி, எல் முன்னால் 10 நொடி.

சரி, நேரத்தைச் சரியாகக் கொடுத்தும் சில பிளேயர்கள் கேட்ட நேரத்துக்கு நாலைந்து நொடி முன்பே போய் நிற்கிறதே, ஏன்? வீடியோ என்பது வேகமாக ஓடும் படங்களின் வரிசை, அதில் ஒவ்வொன்றும் ஒரு பிரேம்; ஆனால் கோப்பில் எல்லா பிரேமும் முழுப் படம் கிடையாது. இடம் மிச்சப்படுத்த அவ்வப்போது ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, நடுவில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதிவைப்பார்கள். அந்த முழுப் படம்தான் கீபிரேம். வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் எக்ஸ்264 என்கோடரை அதன் இயல்பான அமைப்பிலேயே விட்டால் இரண்டு கீபிரேமுக்கு நடுவே 250 பிரேம் வரை போகலாம், அதாவது நொடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் 10 நொடி. நாம் கேட்ட இடம் நடுவில் இருந்தால், பிளேயர் முந்தைய கீபிரேமிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாத பிளேயர் கீபிரேமிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு வேகத்தைவிடத் துல்லியம்தான் முக்கியம், அதனால் விஎல்சி அமைப்புகளில் வேகத் தாவலுக்கான (Fast seek) டிக் இருந்தால் எடுத்துவிடச் சொல்வேன். வீடியோவை வெட்டவும் மாற்றவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் மறு என்கோடிங் (மறுபடி சுருக்கி எழுதுவது) இல்லாமல் வெட்டும் துண்டு சொன்ன நேரத்துக்கு முன்பே தொடங்குவதற்கும் இதே கீபிரேம்தான் காரணம்.

அப்புறம், நீளமான வகுப்புகளை யூடியூபில் ஏற்றுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: விளக்கப் பகுதியில் நேரக்குறிப்புகளைப் போடுங்கள். முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது 3 குறிப்புகள் வரிசையாக வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்காவது நீள வேண்டும். இவ்வளவு செய்தால் பட்டையே அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும்.