லைற்றை ஏன் நூத்தார்கள்?

திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தபோது மரண தண்டனைத் தீர்ப்பு எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் கொலைக்கு ஒரே தண்டனைதான். குற்றவாளி என்று கண்டால் நீதிபதிக்கு வேறு வழி கிடையாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் விலக்கு. அதை வாசிக்கும் முன் விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்துவார்கள். எல்லோரும் எழுந்து நிற்போம். ஜனாதிபதி குறிக்கும் நாளில் உயிர் பிரியும்வரை தூக்கிலிடும்படி அந்தப் புழுக்கத்தில் நீதிபதி வாசிப்பார். சிலர் பேனையையும் முறிப்பார்கள். மலிவுப் பேனைதான், நல்ல பேனையை யாரும் முறித்து நான் பார்த்ததில்லை.

தூக்கு நடக்காது என்பது சட்டத்தரணிகளுக்கும் எங்களுக்கும் தெரியும். இலங்கையில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976 ஜூனில். பின்வரிசையில் இருக்கும் உறவுகளுக்குத்தான் அது தெரியாது.

தம்பலகாமம் பக்கத்து அம்மா ஒருவர், மகனைப் பறிகொடுத்தவர், தீர்ப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தார். மகனின் அடையாள அட்டைப் பிரதியை பொலித்தீன் பையில் மடித்து வைத்திருந்தார்.

"எப்ப தம்பி தூக்கில போடுவாங்கள்? வெலிக்கடைச் சிறைக்குப் போய்ப் பார்க்க ஏலுமா?"

"இப்ப அப்படிச் செய்யிறதில்லை அம்மா."

"அப்ப ஏன் லைற்றை நூத்தவங்கள்?"

என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் எனக்குத் தூக்கு வேண்டாம். வழக்கு வருடக்கணக்கில் இழுபட, முதல் வாக்குமூலத்தில் மாலை என்றவர் கூண்டில் ஏறி இரவு என்பார். தூரத்தில் நின்றவர் கிட்ட வந்துவிடுவார். இரண்டையும் பதிந்தவன் நான். அதை நம்பி ஓர் உயிரை எடுக்க மனம் வருவதில்லை.

அப்புறம், தூக்கிலிடும் கட்டளையில் விழும் கையெழுத்து யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். 2019இல் போதைப்பொருள் கைதிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி சிறிசேன கையெழுத்திட்டார். அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர், வேலைக்கு விளம்பரம் போட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும் இருந்தார்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தடுத்தது. அடுத்த வருடம் மார்ச்சில் அதே கதிரையில் இருந்த கோட்டாபய ராஜபக்ஷ, யாழ்ப்பாணத்து மிருசுவிலில் தமிழ்ப் பொதுமக்கள் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் உயர் நீதிமன்றமே மரண தண்டனையை உறுதிசெய்த இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். கயிற்றையும் மன்னிப்பையும் அரசியல் கையில் கொடுத்துவிட்டு அதை நீதி என்பது எனக்குச் சரிப்படவில்லை.

இதை ஊரில் சொன்னால் கோபிப்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. எங்கள் மாவட்டத்துக் குமாரபுரத்தில் தமிழ்க் கிராமத்தவர்களின் படுகொலை நடந்தது 1996இல். வழக்கு அநுராதபுரத்துக்குப் போய், 2016இல் குற்றம் சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையானார்கள். கூட வேலை செய்த கிண்ணியா நண்பர், தூக்கு வேண்டும் என்று தேநீர் நேரமெல்லாம் என்னோடு சண்டை பிடிப்பவர், குமாரபுரம் என்றதும் குரலைத் தாழ்த்திவிடுவார். "கயிறு கிடக்கட்டும், ஆரு செய்த எண்டாவது எழுதச் சொல்லு" என்பார்.